பழைய குழந்தை கார் சீட்: அபார்ட்மென்ட் குரூப்பில் வந்ததா, அக்கா தருவதா?

உறையூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து மாதம், எடை எட்டரை கிலோ. மாதத்துக்கு ஒரு தடவையாவது புதுக்கோட்டையில் மாமனார் வீட்டுக்குக் காரில் போவோம். கார் 2019 பலேனோ. இதுவரை மனைவி பின் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். இப்போது பாப்பா மடியில் உட்காருவதே இல்லை. எழுந்து நிற்கிறாள், கதவைப் பிடிக்கிறாள், முன் சீட்டின் தலைப்பாகத்தை எட்டுகிறாள். கார் சீட் வாங்கியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

இரண்டு பழைய சீட்டுகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஒன்று, எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் விற்பனைக்கு வந்தது. விலை 3,500 ரூபாய். "ஒரு வருஷம்தான் யூஸ் பண்ணினோம், புதுசு மாதிரி" என்று போட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். துணி வெளுப்பாக, கறை ஒன்றும் இல்லாமல் இருந்தது. பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் யுனிவர்சல் என்றும் 0–18 கிலோ என்றும் இருக்கிறது. கையேடு தொலைந்துவிட்டதாம்.

இன்னொன்று, மனைவியின் அக்கா நியூஜெர்சியில் வைத்திருப்பது. அவர் பையனுக்கு ஆறு வயதாகி பூஸ்டர் சீட்டுக்கு மாறிவிட்டான். பழைய சீட் வீட்டில் சும்மா கிடக்கிறது, டிசம்பரில் வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். இலவசம்தான், ஆனால் அமெரிக்க சீட் நம் காரில் பொருந்துமா என்று தெரியவில்லை.

மாமியார் "யாரோ வைத்திருந்த சாமானில் குழந்தையை எதற்கு உட்கார வைக்கவேண்டும், நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்கிறார். பழைய சீட் பாதுகாப்பானதா என்று எதை வைத்து முடிவு செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கே.கே.நகர் ரேவதி:

பத்தாயிரத்துக்குள்ளேயே புது சீட் கிடைக்கிறது சார். 3,500 ரூபாய்க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் காருக்கு இரண்டு முறை பெட்ரோல் போடுகிற காசு. நான் புதிதுதான் வாங்கினேன், யோசிக்கவே இல்லை. பழைய தொட்டில், பழைய நடைவண்டி எல்லாம் வாங்கியிருக்கிறோம், அது வேறு.

மதுரை சர்வேயர்:

தம்பி, நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பட்டறையில் போய்ப் பார்த்து மதிப்புப் போடுவது என் பிழைப்பு. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

துணி வெளுப்பாக இருந்தது என்கிறீர்கள். துணியைக் கழற்றித் துவைத்தால் யார் வீட்டு சீட்டும் வெளுப்பாகத்தான் இருக்கும். விபத்தில் குழந்தையைத் தாங்குவது அதற்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் கூடு, தலைக்கு இரண்டு பக்கமும் வைத்திருக்கும் தெர்மாகோல், தோளிலும் இடுப்பிலும் வருகிற பெல்ட், நடுவில் பூட்டுகிற பக்கிள். இவற்றில் ஒன்று போனாலும் சீட் போனது.

வாடிப்பட்டி பக்கம் ஒரு வண்டி பார்த்தேன். பின்னால் லாரி இடித்து டிக்கி உள்ளே போயிருந்தது. பின் சீட்டில் குழந்தை சீட் கட்டியபடியே இருந்தது. நல்லவேளை, குழந்தை அன்றைக்குக் காரில் இல்லை. மேலே பார்த்தால் கீறல்கூடக் கிடையாது. வண்டிக்காரர் அதைக் கழற்றி, தம்பி குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று தனியாக எடுத்து வைத்திருந்தார். துணியைக் கழற்றிக் காட்டுங்கள் என்றேன். கார் பெல்ட் நுழைந்து வருகிற துவாரத்தின் மூலையில் ஒரு நகம் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. கருப்பு பிளாஸ்டிக்கை வளைத்தால் வளைந்த இடம் வெளுக்குமே, அந்த வெளுப்பு. கட்டைவிரலால் அழுத்தினேன், கோடு வாயைத் திறந்தது. தலைப்பக்கத் தெர்மாகோலும் உள்ளுக்குள் இரண்டாகப் பிளந்திருந்தது. துணி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை. அந்த மனிதர் நல்லவர், வேண்டுமென்றே கொடுக்கவில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் பார்த்த கிளெய்ம்களில் பம்பர், விளக்கு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார்கள். குழந்தை சீட் என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. வண்டி சரியாகி வரும், சீட் மறுபடி அதிலேயே ஏறும், குழந்தை வளர்ந்ததும் விற்பனைக்கு வரும். அதனால்தான் பழைய சீட் என்றால் முதலில் அதன் வரலாறு எனக்கு வேண்டும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியது பாதிதான். பெல்ட் நார் ஒரு தடவை பலமாக இழுபட்டு நீண்டிருந்தால் அதை நானே பார்த்தாலும் சொல்ல முடியாது. அந்த மீதிப் பாதியை, சீட்டை முதல் நாளிலிருந்து வைத்திருந்த ஆள்தான் சொல்ல முடியும்.

ஆகவே விற்பவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். கடையில் புதிதாக வாங்கியது அவர்தானா? எந்தக் காரில் இருந்தது? "ஆக்சிடென்ட் ஆச்சா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் இல்லை என்பார்கள், சின்ன இடியை யாரும் ஆக்சிடென்ட் என்று கணக்கில் வைப்பதில்லை. "அந்த வண்டி எப்போதாவது கிளெய்முக்குப் போச்சா, பாடி வேலை நடந்ததா" என்று கேளுங்கள். அதற்கு ஆள் யோசித்து உண்மையைச் சொல்லிவிடுவார்.

கிளெய்ம் போயிருந்தால் உடனே சீட்டைத் தூக்கிப் போடவேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் அரசு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இடித்த பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டே போக முடிந்தது, குழந்தை சீட்டுக்குப் பக்கத்துக் கதவு நசுங்கவில்லை, வண்டியில் யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் ஒன்றும் விரியவில்லை, சீட்டிலும் சேதம் தெரியவில்லை. இந்த ஐந்தும் சேர்ந்து இருந்தால்தான் அது சின்ன விபத்து. ஒன்று குறைந்தாலும் சீட்டை மாற்றவேண்டும். சில கம்பெனிகள் எந்த விபத்தானாலும் மாற்று என்று கையேட்டிலேயே போட்டிருக்கும், அப்படிப் போட்டிருந்தால் அதுதான் பேச்சு.

பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் சீட்டைப் பாருங்கள். வெளிச்சத்தில் வைத்து, துணியை முழுக்கக் கழற்றி, கவிழ்த்துப் போட்டு. பெல்ட் துவாரங்கள், கைப்பிடி சேரும் இடம், அடிப்பாகத்தின் மூலைகள், இங்கெல்லாம் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த வட்டம் ஒன்று இருக்கும், கடிகார முகம் போல. சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதம், நடுவில் வருடம், அம்புக்குறி எந்த மாதத்தைக் காட்டுகிறதோ அப்போது வார்த்த பிளாஸ்டிக் அது. "ஒரு வருஷம்தான் யூஸ் பண்ணினோம்" என்பது அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

பெல்ட்டை ஓரம் ஓரமாக விரலில் உருட்டிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால், தையல் விட்டிருந்தால், சலவைத்தூளிலும் பிளீச்சிலும் ஊறவைத்து மொரமொரப்பாகியிருந்தால் வேண்டாம். பக்கிளில் இரண்டு நாக்கு சேர்ந்து ஒரே சத்தத்தோடு பூட்டவேண்டும். ஒரு நாக்கை மட்டும் தனியாகச் சொருகிப் பாருங்கள், அது பூட்டக்கூடாது. பிஸ்கட் தூள், பால் ஒட்டி இறுகியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம். எண்ணெய் மட்டும் விடவே கூடாது.

அந்த ஆரஞ்சு ஸ்டிக்கரை போட்டோ எடுத்துப் போடுங்கள். ஈசிஈ ஆர்44 என்று இருக்கும், குழந்தை சீட்டுக்கான ஐரோப்பிய விதி அது. வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், ஒப்புதல் தந்த நாட்டின் குறி அது. 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. கீழே நீளமான ஒப்புதல் எண் 04 என்று ஆரம்பிக்கவேண்டும். 01, 02 என்றால் மிகப் பழசு, தொடவேண்டாம். ஸ்டிக்கரே இல்லாத சீட்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துணியில் பட்டை தைத்து "கார் சீட்" என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், எட்டரை கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் முன்னால் இழுக்கும். அந்த நேரத்தில் எந்தக் கையும் பிடித்து நிறுத்தாது, பாசம் எவ்வளவு இருந்தாலும். மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய முழு எடையும் குழந்தைமேல் வந்து விழும்.

பழைய அம்பாசடர்:

சர்வேயர் சொல்வதில் நிறைய சரி. ஆனால் சீட்டுக்குக் காலாவதித் தேதி போடுகிறார்களே, அது மட்டும் கம்பெனிகளின் வியாபாரம் என்று நினைக்கிறேன். என் வீட்டில் முப்பது வருஷ பிளாஸ்டிக் வாளி இருக்கிறது, இன்னும் உடையவில்லை. ஆறு வருஷம் ஆனதும் சீட்டைக் குப்பையில் போடு என்றால் நடுத்தரக் குடும்பம் எங்கே போகும்? பழைய சீட்டே வேண்டாம் என்று பயமுறுத்தினால் மக்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார்கள். அது இன்னும் மோசம் இல்லையா?

மதுரை சர்வேயர்:

ஐயா, கடைசியில் சொன்னதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். வரலாறு தெரிந்த ஒரு பழைய சீட் மடியைவிட எவ்வளவோ மேல். நான் பழையதே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பேத்திக்கு வந்ததும் பழைய சீட்தான். என் மகளின் தோழி கடையில் வாங்கிய நாளிலிருந்து வைத்திருந்தது. ரசீதும் கையேடும் கூடவே வந்தன, அந்தக் காரும் எனக்குத் தெரிந்த கார்.

தேதி பற்றிச் சொல்கிறேன். ஆறு வருஷம் முடிந்த மறுநாள் காலையில் பிளாஸ்டிக் பொடியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனிகள் ஆறு முதல் பத்து வருஷம் வரை போடுகிறார்கள், அதில் ஒரு தாராளம் இருக்கும். ஆனால் வாளியை நிழலில் வைத்திருக்கிறீர்கள், யாரும் அதை 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் அடிப்பதில்லை. கார் சீட் மே மாதத் திருச்சி வெயிலில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் நாள் முழுக்க வேகிறது, ராத்திரி ஆறுகிறது. வெயிலும் சூடும் பிளாஸ்டிக்கின் வளைந்து கொடுக்கும் தன்மையை எடுத்துவிடும். அப்புறம் வளைய வேண்டிய நேரத்தில் வளையாது, உடையும். வெயில் ஊரில் நாம் அந்தத் தேதியை இன்னும் மரியாதையாகத்தான் பார்க்கவேண்டும். தவிர, பழசாக ஆக ஸ்டிக்கர் போய்விடும், உதிரி பாகம் கிடைக்காது, விதியும் மாறியிருக்கும்.

ஐரோப்பிய சீட்டுகள் பலவற்றில் இன்ன தேதிக்கு மேல் கூடாது என்று அச்சடித்தே இருக்காது. அப்போது அந்த வட்டத்தில் உள்ள வருடத்திலிருந்து நாமே எண்ணிக்கொள்ளவேண்டியதுதான். பத்து வருஷம் தாண்டியது என்றால் என் வீட்டில் நுழையவிடமாட்டேன்.

எடிசன் நர்ஸ்:

நான் நியூஜெர்சியில் நர்ஸ். இங்கே குழந்தை பிறந்து வீட்டுக்குப் போகிற அன்று கார் சீட் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் உண்டு. நானும் அந்தப் பயிற்சி முடித்தவள். உங்கள் அக்கா சீட் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வரலாறு தெரிந்த சீட் என்ற வகையில் அதுதான் உங்களுக்குக் கிடைத்ததில் நல்லது. அக்கா முதல் சொந்தக்காரர், பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் சர்வேயர் ஐயா எழுதிய ஐந்தையும் அவரிடம் கேளுங்கள். பார்க்கிங்கில் யாராவது பின்னால் தட்டியதை மறந்திருப்பார், கேட்டால் ஞாபகம் வரும்.

அமெரிக்க சீட்டின் பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண், தயாரித்த தேதி, கூட்டரசின் வாகனப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்ற வாசகம் எல்லாம் அதில் இருக்கும். எந்தத் தேதிக்குப் பின் பயன்படுத்தக்கூடாது என்பதை ஸ்டிக்கரிலோ அடியில் பிளாஸ்டிக்கில் வார்த்தோ போட்டிருப்பார்கள். இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த மாடல் எண்ணையும் தேதியையும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் இணையதளத்தில் போட்டால் ரீகால் ஆகியிருக்கிறதா, அதாவது குறை இருப்பதாகக் கம்பெனி அறிவித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ரீகால் என்றாலே சீட்டை எறிய வேண்டியதில்லை. பல சமயம் ஒரு பக்கிளோ பட்டையோ கம்பெனியே இலவசமாக அனுப்பும். ஆனால் அமெரிக்க முகவரிக்குத்தான் அனுப்புவார்கள், எனவே அக்கா கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி, உங்கள் காரில் பொருந்துமா என்பது. இங்குள்ள கார்களில் பின் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் அப்புறம் அது உள்ளே போகும்போது டிக் டிக் என்று பூட்டிக்கொண்டே போகும், மறுபடி வெளியே வராது. குழந்தை சீட்டை இறுக்கிக் கட்ட அதைத்தான் நம்பியிருக்கிறோம். உங்கள் காரில் அந்த வசதி இருக்கிறதா என்று இப்போதே இழுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பெல்ட் மெதுவாகத் தளர்ந்துகொண்டே வரும். அப்படியானால் சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கவேண்டும். அக்காவின் சீட்டில் பெல்ட் போகிற வழியில் திறந்து மூடுகிற பிளாஸ்டிக் கவ்வி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு வழி, அமெரிக்க சீட்டோடு வரும் கொக்கி வைத்த பட்டை. இங்கே லேட்ச் என்பார்கள். உங்கள் காரின் பின் சீட் முதுகும் இருக்கையும் சேருகிற இடுக்கில் கையை விட்டால் இரண்டு இரும்புக் கம்பி தட்டுப்படும், அதுதான் ஐசோஃபிக்ஸ். இரண்டு கம்பிக்கும் நடுவே 28 சென்டிமீட்டர், அது எல்லா நாட்டிலும் ஒரே அளவு. அதில் இந்தக் கொக்கிகளை மாட்ட முடியும். குழந்தை இத்தனை பவுண்டுக்கு மேல் போனால் கொக்கியை விட்டு கார் பெல்ட்டுக்கு மாறு என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும், அதைத் தாண்டக்கூடாது. பவுண்டை இரண்டே காலால் வகுத்தால் தோராயமாகக் கிலோ வரும்.

தரத்தில் எது உயர்ந்தது என்று கேட்பார்கள். அமெரிக்க விதியில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதல் சோதனை. ஐரோப்பிய ஆர்44-ல் 50 கிலோமீட்டர். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தியாவின் ஏஐஎஸ் 072 விதி ஐரோப்பிய விதியை ஒட்டியது, அமெரிக்க சீட்டில் அந்த முத்திரை இருக்காது. அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். சீட்டை அப்படியே செக்-இன் லக்கேஜில் போட்டு அனுப்பவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். விமான நிலையத்தில் பெட்டிகளை எப்படி வீசுகிறார்கள் என்று எல்லோரும் பார்த்திருக்கிறோம். உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழுந்த சீட்டைப் பற்றி அப்புறம் யாராலும் உறுதி சொல்ல முடியாது. வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி இருந்தால் அதிலேயே, உள்ளே துணிமணிகளை இறுக்கி அடைத்துக் கொண்டுவரலாம். அங்கே வந்து இறங்கியதும் துணியைக் கழற்றி ஒருமுறை முழுக்கப் பாருங்கள்.

அப்புறம், குழந்தை பின்னோக்கித்தான் உட்காரவேண்டும். சீட்டின் எடை அளவு அனுமதிக்கும் வரை. இந்த வயதில் உடம்புக்குத் தலை பெரிது, கழுத்து எலும்பு இன்னும் முற்றவில்லை. பின்னோக்கி இருந்தால் மோதலின் வேகத்தை முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் புது ஆர்129 விதியில் 15 மாதத்துக்கு முன் முன்னோக்கித் திருப்பவே கூடாது. முன் சீட்டில் ஏர்பேக்குக்கு எதிரே பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள்.

உறையூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் விற்பவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

சர்வேயர் சார் சொன்ன மாதிரியே பேசினேன். கடையில் வாங்கியது அவர் இல்லை. பெங்களூரில் இருந்தபோது ஓஎல்எக்ஸில் யாரிடமோ வாங்கியிருக்கிறார். அந்த ஆளிடம் எதுவும் கேட்டதில்லை, போன் நம்பரும் இல்லை. "நாங்கள் ஒரு வருஷம்தான் வைத்திருந்தோம்" என்றது உண்மைதான், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது அவருக்கே தெரியாது. மனிதர் எதையும் மறைக்கவில்லை, துணியைக் கழற்றவும் கூடவே உதவினார்.

அடியில் அந்த வட்டம் இருந்தது. நடுவில் 14, அம்பு 6-ஐக் காட்டியது. அதாவது 2014 ஜூன். அவரே அதிர்ச்சியாகிவிட்டார். வெள்ளைக் கோடு எங்கேயும் கிடைக்கவில்லை. ஆனால் தலைக்கு இடது பக்கத் தெர்மாகோலில் குறுக்கே ஒரு விரிசல், அதை யாரோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், பசை வழிந்து மஞ்சளாகக் காய்ந்திருந்தது. பக்கிளில் ஒரு நாக்கை மட்டும் சொருகினேன், பூட்டிக்கொண்டது. அவர் "2,000 கொடுத்தால் போதும்" என்றார், பிறகு அவரே "வேண்டாம் சார், விடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அக்காவிடமும் பேசினேன். சீட் 2019 மார்ச்சில் செய்தது, 2029 மார்ச் வரை போட்டிருக்கிறது. விபத்து எதுவும் இல்லை, அவர்கள் வண்டி கிளெய்முக்கே போனதில்லையாம். பின்னோக்கி 40 பவுண்டு வரை. ரீகால் பட்டியலில் அந்த மாடல் இல்லை. பெல்ட்டைக் கவ்வும் கிளாம்ப் அதில் இல்லை, ஆனால் கொக்கிப் பட்டை இருக்கிறது. என் காரில் பின் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தேன், பூட்டிக்கொள்ளவில்லை. இடுக்கில் கையை விட்டேன், கம்பி இரண்டும் இருக்கிறது.

ஆக, டிசம்பர் வரை காத்திருந்து அக்கா சீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

மதுரை சர்வேயர்:

பசை போட்டு ஒட்டிய தெர்மாகோல் என்றதுமே பேச்சு முடிந்துவிட்டது. தலை வந்து மோதும்போது நசுங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஏற்கெனவே ஒருமுறை உடைந்தது மறுபடி அந்த வேலையைச் செய்யாது. எப்படி உடைந்தது என்று சொல்லவும் ஆள் இல்லை. சரியாக முடிவெடுத்தீர்கள்.

அக்காவின் சீட்டைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. டிசம்பர் வரை காத்திருப்பதைப் பற்றித்தான் ஆட்சேபணை. அதுவரை புதுக்கோட்டைக்குப் போகாமல் இருக்கப்போகிறீர்களா? தீபாவளிக்கு? மடியில் உட்காரவே மறுக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் இன்னும் மூன்று மாதம் ஓட்டுவதாக இருந்தால், இவ்வளவு தூரம் விசாரித்ததே வீண். ரேவதி அம்மா முதலிலேயே சொன்னார், நான் அதை அப்போதே வழிமொழிந்திருக்கவேண்டும். ஆர்44/04 முத்திரையோ ஏஐஎஸ் 072-வோ உள்ள, பின்னோக்கியும் வைக்கக்கூடிய, ஐசோஃபிக்ஸ் உள்ள ஒரு புது சீட்டை இந்த வாரமே வாங்கி விடுங்கள். காரைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்கேயே கட்டிப் பார்த்து வாங்குங்கள். பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. குழந்தையை உட்கார வைத்து இறுக்கியபின் தோள்பட்டை வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கையில் சிக்கக்கூடாது. பின்னோக்கி வைத்தால் வார் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்து வரவேண்டும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 194பி பிரிவு வந்தது, பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்துக்காக இதைச் சொல்லவில்லை, வீட்டில் பேச ஒரு பிடி கிடைக்கும்.

உறையூர்க்காரன்:

மனைவி இதைப் படித்துவிட்டு "தீபாவளிக்கு முன்னாலேயே வேண்டும்" என்றார். சனிக்கிழமை கடைக்குப் போகிறோம், காரோடு. அக்கா சீட் வந்ததும் மாமனார் காரில் நிரந்தரமாகக் கட்டலாமா என்று பார்க்கிறோம், அவர் காரிலும் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது. மாமியார் இப்போது எதிர்ப்பதில்லை. நூறு கிலோ கணக்கை மாமனாரே ஒரு தாளில் போட்டுக் காட்டினாராம்.

ஒரே ஒரு சந்தேகம். அந்த 2014 சீட்டை வைத்திருப்பவர் என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிறார். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் குடும்பத்தில் ஒரு குழந்தை இருக்கிறது, அவர்கள் விளையாடக் கொடுக்கலாமா என்கிறார்.

மதுரை சர்வேயர்:

விளையாடக்கூடக் கொடுக்கவேண்டாம். நாளைக்கு அவர்கள் யாருடைய காரிலாவது ஊருக்குப் போகும்போது, சீட் இருக்கிறதே என்று நம்பி அதில் உட்கார வைப்பார்கள். பெல்ட் எல்லாவற்றையும் கத்தரியால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கூட்டின் முன்னாலும் பின்னாலும் பெயின்ட்டில் "உடைந்தது, பயன்படுத்தாதே" என்று பெரிதாக எழுதி, துணியையும் தெர்மாகோலையும் பிரித்து எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் கடைக்குப் போடட்டும். முழு சீட்டாகப் போட்டால் கடைக்காரர் அதைத் துடைத்து வாசலில் வைத்துவிடுவார்.